சீல் வைத்த பிறகு அந்த வீட்டுக்கு என்ன?

2021 செப்டம்பரில் நடந்ததை ஆரணிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் அசைவ ஓட்டலில் சாப்பிட்ட பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அதிகாரிகள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். உரிமையாளரும் சமையல்காரரும் கைதானார்கள். வேறு ஓட்டல்களிலும் சோதனை நடந்தது, செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. "நடவடிக்கை எடுத்துட்டாங்க" என்று ஊர் மூச்சுவிட்டது. அந்த நடவடிக்கைகள் எல்லாம் தேவையானவைதான். ஆனால் அவை அத்தனையும் அரசுக்கும் கடைக்கும் இடையே நடப்பவை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அதில் ஒரு சாட்சியாக மட்டுமே வருகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: அடுத்தவரின் அலட்சியத்தால் ஓர் உயிர் போனால், அந்தக் குடும்பத்துக்கென்று தனியாக ஓர் உரிமை பிறக்கிறது. போலீஸ் வழக்கு அந்த உரிமையைக் கொண்டுவந்து கையில் கொடுக்காது. குடும்பம்தான், அதுவும் சீக்கிரம், தன் பெயரில் கேட்க வேண்டும். கேட்க வழி தெரியாத வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு.

உணவால் வந்த சாவையே எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் 65ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விற்ற உணவால் ஒருவர் இறந்தால், விற்றவர் இறந்தவரின் வாரிசுகளுக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இழப்பீடு தர உத்தரவிடலாம் என்கிறது அது. 5 லட்சம் என்பது அடித்தளம்தான், மேல்வரம்பு கிடையாது. கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. இந்தத் தொகை சம்பவம் நடந்த 6 மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். சாவு என்றால் 30 நாளுக்குள் நெருங்கிய உறவினருக்கு இடைக்கால நிவாரணம் வழங்கப்பட வேண்டும். இவ்வளவு தெளிவான காலக்கெடு நம் சட்டங்களில் அபூர்வம். அப்படியிருந்தும், உணவு விஷமான செய்திகளில் கைதையும் அபராதத்தையும் பற்றிப் படிக்கிறோமே தவிர, 65ஆம் பிரிவு என்ற பேச்சு காதில் விழுவதே இல்லை.

சட்டத்தின் வாசகத்திலேயே இதற்குப் பாதிக் காரணம் இருக்கிறது. 30 நாளில் வழங்கப்பட வேண்டும் என்று சொன்னவர்கள், யார் வழங்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டார்கள். உத்தரவிடும் அதிகாரம் தீர்ப்பளிக்கும் அலுவலருக்கோ நீதிமன்றத்துக்கோ உண்டு. தமிழ்நாட்டில் அந்த அலுவலர் மாவட்ட வருவாய் அலுவலர், அதாவது டி.ஆர்.ஓ. ஆனால் சாவு நேர்ந்த வழக்கு சிறைத் தண்டனைக்குரியது. குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். அதனால் அது நீதிமன்றத்துக்குப் போய்விடும். டி.ஆர்.ஓ. "கோர்ட்டில் இருக்கிறதே" என்று சொல்லவும், கோர்ட் "விசாரணை முடியட்டும்" என்று சொல்லவும் இடம் ஏற்பட்டுவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் 6 மாதம் கரைகிறது. ஆகவே குடும்பம் காத்திருக்கவே கூடாது. 65ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ஆரணிக் குடும்பமென்றால் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் டி.ஆர்.ஓ.வுக்கும் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் அந்த மனுவையே ஆதாரமாக வைத்து உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். மனுவே கொடுக்காத வீட்டுக்கு அந்தப் பிடிமானமும் இருக்காது.

இந்தப் பேச்சை எடுத்ததுமே வரும் முதல் மறுப்பு, "போன உயிருக்கு விலை பேசறதா?" என்பது. இதை நான் மதிக்கிறேன். துக்க வீட்டில் பணப்பேச்சு எடுக்கக் கூசுவது நல்ல மனதின் அடையாளம். ஆனால் அந்தக் கூச்சத்தால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். தவறு செய்தவருக்குத்தான். இழப்பீட்டில் மதிப்பிடப்படுவது உயிர் இல்லை. அந்த உயிரை நம்பியிருந்தவர்கள் இனி எதை இழந்து வாழ வேண்டும் என்பதே அங்கே கணக்கு. முதலமைச்சரின் நிவாரண நிதியிலிருந்து வரும் காசோலையோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிவாரணம் அரசு கருணையோடு தருவது. தரலாம், தராமலும் போகலாம், தொகையை அரசே முடிவு செய்யும். இழப்பீடு தவறு செய்தவர் தர வேண்டிய கடன். அதிகாரிகள் வந்து காசோலை தந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போனதோடு எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைப்பதுதான் பெரிய இழப்பு. நிவாரணம் வாங்கியவர் இழப்பீடு கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இரண்டாவது மறுப்பு படித்தவர்களிடமிருந்தே வருவது: "முதலில் கிரிமினல் கேஸ் முடியட்டும், குற்றவாளி என்று தீர்ப்பு வரட்டும், அப்புறம் கேட்கலாம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, நடைமுறையில் குடும்பத்தை இதைவிட ஏமாற்றும் யோசனை வேறில்லை. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை நினைத்துப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகினார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்றுதான் வந்தது. தமிழ்நாடே அழுத, அரசு முழுக் கவனம் வைத்த வழக்குக்கே 10 ஆண்டு. பிறகு 2017இல் உயர்நீதிமன்றம் தண்டனை பெற்றவர்களில் பலரை விடுவித்தது. ஒரு பிள்ளை மட்டும் இறந்த வழக்கு அதைவிட வேகமாக ஓடும் என்று யார் உறுதி தர முடியும்?

அதோடு, இரண்டு வழக்குகளுக்கும் வேண்டிய சான்றின் அளவே வேறு. ஒருவரைச் சிறைக்கு அனுப்பச் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும். இழப்பீட்டுக்கு, நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். 1980இல் உச்சநீதிமன்றம் தீர்த்த என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். இரவில் ஓடிய ஒரு பேருந்து தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதி 8 பேர் அங்கேயே இறந்தார்கள். ஓட்டுநர் மேல் இருந்த கிரிமினல் வழக்கு, இது தெய்வச் செயல் என்று சொல்லி விடுதலையில் முடிந்தது. பேருந்து நிறுவனம் அந்த விடுதலையைக் காட்டி, நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அதை ஏற்கவில்லை. கிரிமினல் வழக்கில் விடுதலை, இழப்பீட்டுக்குத் தடையாகாது என்றது. 40 ஆண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கும் சட்டம் இது. இன்னும் ஒன்று: உணவு வழக்குகளில் போலீஸ் எந்தப் பிரிவில் வழக்குப் போடுகிறது என்பதிலேயே சிக்கல் உண்டு. கலப்பட உணவு விற்றதற்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 272, 273ஆம் பிரிவுகளை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவு பொருந்தும் இடத்தில் பயன்படுத்த முடியாது என்று 2024 பிப்ரவரியில் ராம் நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 59ஆம் பிரிவில் வழக்குத் தொடர வேண்டியது உணவுப் பாதுகாப்புத் துறை. அதற்கும் ஓராண்டுக் கெடு உண்டு. ஆணையர் அனுமதித்தால் 3 ஆண்டு. துறை தூங்கிவிட்டால் வழக்கும் தூங்கிவிடும். தன் இழப்பீட்டை இப்படிப்பட்ட கயிற்றில் கட்டிவிட்டுக் குடும்பம் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கிரிமினல் வழக்கைத் தொடாமலே போகக்கூடிய வழி நுகர்வோர் ஆணையம். கட்டணத்துக்குப் பயந்து பலர் அந்தப் பக்கமே போவதில்லை. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேட்கும் நஷ்டஈட்டின் அளவையும் சேர்த்துத்தான் எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்று பார்ப்பார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது மாறிவிட்டது. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகைதான் அளவுகோல். பிரியாணிக்குச் சில நூறு ரூபாய் கொடுத்திருந்தால், நீங்கள் 20 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. பில்லைக் கட்டியவர் அப்பா, சாப்பிட்டவள் மகள் என்றாலும் அவளும் நுகர்வோரே; அவள் இறந்துவிட்டால் வாரிசுகள் புகார் தரலாம். 2 ஆண்டுக்குள் தர வேண்டும், அவ்வளவுதான். இதுபோக, 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் சார்பில் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட அது வழி தருகிறது. அதற்கும் 2 ஆண்டுதான். அங்கே கோர்ட் கட்டணம் உண்டு என்பதால் உணவு வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தையே நான் முதலில் சொல்வேன். விற்பனையும் சேவையும் இல்லாத சாவுகளுக்கு, இடிந்து விழுந்த சுவர், மூடாத பள்ளம் போன்றவற்றுக்கு, அந்தப் பழைய சட்டம்தான் துணை.

வழி எதுவானாலும் கடைசியில் வந்து நிற்பது ஆதாரம். இங்கேதான் நம் வீடுகள் தங்களையறியாமல் தங்கள் வழக்கைத் தாங்களே முடித்துவிடுகின்றன. "போனதுதான் போயிட்டா, உடம்பையும் அறுக்கணுமா?" என்று போஸ்ட்மார்ட்டம் வேண்டாமென எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே அடக்கம் செய்துவிடுவார்கள். அந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு, சாவுக்குக் காரணம் சாப்பாடுதான் என்று நிரூபிப்பது மிகக் கடினம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான். உணவு வழக்கில் இன்னொரு தொல்லை, இறந்தவர் சாப்பிட்ட அந்தத் தட்டு எப்போதோ கழுவப்பட்டிருக்கும். அதிகாரிகள் மறுநாள் எடுக்கும் மாதிரி வேறு சமையலாக இருக்கலாம். எனவே மருத்துவமனையில் சேர்க்கும்போதே, சாப்பிட்டதால் வந்தது என்று பதிவு செய்து போலீசுக்குத் தகவல் அனுப்பச் சொல்ல வேண்டும். வாந்தி, மல மாதிரியை ஆய்வுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கடை பில் இல்லாவிட்டால் ஜி-பேயில் பணம் போன விவரம் போதும். பார்சலின் மிச்சம் இருந்தால் வீசிவிடாமல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆரணி போன்ற சம்பவத்தில் எல்லாவற்றையும்விடப் பலமான ஆதாரம், அதே நாளில் அதே கடையில் சாப்பிட்ட மற்றவர்களின் மருத்துவச் சீட்டுகள். ஒருவருக்கு வயிறு கெட்டால் ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒரே கடையில் சாப்பிட்ட பலருக்கு ஒரே சமயத்தில் ஒரே நோய் என்றால், நிகழ்ச்சியே சாட்சி சொல்கிறது. இனிக் கடைக்காரர்தான் விளக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நெறி. பிழைத்து வந்தவர்கள் "நமக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஒதுங்காமல் தங்கள் டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை அந்தக் குடும்பத்துக்குத் தந்தால், அதுவே பெரிய உதவி. அவர்களுக்கும் 65ஆம் பிரிவில் 1 லட்சம் வரை கேட்கும் உரிமை இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சாலை விபத்தில் இறந்தவரின் வீட்டோடு இதை ஒப்பிட்டால்தான் உணவால் இறந்தவரின் வீடு எவ்வளவு தனியாக நிற்கிறது என்பது புரியும். வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயம் உண்டு. போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். யார் தவறு என்று பார்க்காமலே சாவுக்கு 5 லட்சம் கேட்கவும் பிரிவு இருக்கிறது. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஓர் இடம்: 2022 ஏப்ரல் முதல் தவறை நிரூபித்துக் கேட்கும் மனுவுக்கு 6 மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். காரியம் முடிந்து, கடன் அடைத்து, ஆறுதலாக வக்கீலைப் பார்க்கலாம் என்று இருந்தால் நாள் தப்பிவிடும்.

அந்தத் தீர்ப்பாயங்கள் தொகையை எப்படிக் கணக்கிடுகின்றன என்பதையும், பட்டு நெசவு ஊரான ஆரணியின் தறி வீடு ஒன்றை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நுகர்வோர் ஆணையங்களும் இந்த முறையைத் தழுவுவது உண்டு. 38 வயது நெசவாளர், கூலி மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். 2017இல் உச்சநீதிமன்றம் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னபடி, 40 வயதுக்குள் சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்த்தால் 16,800. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று 4 பேர் நம்பியிருந்தால், இறந்தவரின் சொந்தச் செலவுக்கென்று கால் பங்கு கழிப்பார்கள், மிச்சம் 12,600. ஆண்டுக்கு 1,51,200. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 15. மொத்தம் 22,68,000 ரூபாய், அதற்கு மேல் ஈமச் செலவு முதலியன. வாழ்க்கைக் காப்பீட்டுப் பணம் ஏதாவது வந்திருந்தால் அதை இதில் கழிக்கக் கூடாது என்று 1998இலேயே உச்சநீதிமன்றம் தீர்த்திருக்கிறது. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுத் திண்ணையில் பெரிய மனிதர்கள் "ரெண்டு லட்சம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கலாம்" என்று பேசுவதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த 12,000க்குச் சான்று எங்கே? கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவருக்குப் பாஸ்புக் இருக்கும். முதலாளியிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்பவருக்கு இருப்பது முதலாளியின் நோட்டில் ஒரு பக்கம்தான், அதிலும் வாங்கிய முன்பணம்தான் தெளிவாக இருக்கும். சான்றில்லாத இடத்தில் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். பெண்கள் நிலை இதைவிட மோசம். தார் சுற்றுவது, பாவு பிணைப்பதில் கைகொடுப்பது, பல வீடுகளில் தறியில் உட்கார்ந்து நெய்வது என்று பட்டுச்சேலையில் பாதி அவர்கள் உழைப்பு. கணக்கோ கணவர் பெயரில். அந்தப் பெண் இறந்தால் மனுவில் "இல்லத்தரசி" என்று எழுதிவிடுகிறார்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2021இல் கீர்த்தி வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது பெரிய விஷயம்தான். என்றாலும் இவர் வீட்டு வேலையும் செய்து தறி வேலையும் செய்தவர். இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நெசவாளர் அடையாள அட்டையில் பெண்களும் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகளுக்கோ வருமானமே இல்லை. 1992இல் இறந்த ஒரு 10 வயதுச் சிறுவனுக்கு, ஆண்டு வருமானம் 30,000 என்று வைத்து 5 லட்சம் தர 2013இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெற்றோர் 21 ஆண்டு காத்திருந்தார்கள்.

மூன்றாவது மறுப்பு கடைக்காரர் பக்கத்திலிருந்து வருவது, அதில் உண்மையும் இருக்கிறது. சின்ன ஓட்டல் நடத்துகிறவர் வாடகைக் கட்டடத்தில் இருப்பார், சொத்தென்று பெரிதாக இருக்காது. 20 லட்சம் என்று உத்தரவு வந்தால் எங்கே போவார்? நுகர்வோர் ஆணைய உத்தரவை மீறினால் சொத்து ஜப்தியும் சிறையும் உண்டுதான், ஆனால் இல்லாதவரிடம் பிடுங்க முடியாது. இதற்கு விடை குடும்பம் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக இருக்க முடியாது. லாரி ஓட்டுகிறவரிடமும்தான் 20 லட்சம் இல்லை. அவருக்காகத்தான் காப்பீட்டைக் கட்டாயமாக்கினோம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கு 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கினோம். தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் இடத்துக்கு மட்டும் ஏன் அது கூடாது? உணவு உரிமம் புதுப்பிக்கும்போது காப்பீட்டுச் சான்றையும் கேட்டால், நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கும் அது பாதுகாப்பு. செலவு கூடும், சாப்பாட்டு விலை கொஞ்சம் ஏறும் என்றால், ஏறட்டும். ஆரணிக்குப் பிறகும், 2023இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். ஒவ்வொரு முறையும் சோதனை, சீல், கைது என்று அதே வரிசைதான் ஓடுகிறது. கடைக்குச் சீல் வைக்க வரும் அதிகாரி, 65ஆம் பிரிவு மனுப் படிவத்தையும் கையில் கொண்டுவந்து அந்த வீட்டில் கொடுத்து, நிரப்பவும் உதவ வேண்டும் என்று அரசு ஓர் ஆணை போடுவதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

அதுவரை சமாதானப் பேச்சுதான் பெரும்பாலான வீடுகளின் நடைமுறை, அதை நான் முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவரிடம் கோர்ட்டுக்குப் போய்ப் பத்து வருடம் நில்லுங்கள் என்று சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது. ஆனால் பேசுகிறவர்கள் மறைக்கும் ஒன்றை அந்த வீடு தெரிந்துகொள்ள வேண்டும்: அலட்சியத்தால் உயிரிழப்பு என்பது பழைய 304ஏ ஆனாலும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆனாலும், சமாதானத்தால் முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. "கேஸை வாபஸ் வாங்கிக்கோங்க" என்று கேட்பதற்கு நடைமுறையில் அர்த்தம், கூண்டில் ஏறிப் பொய் சொல்லுங்கள் என்பதுதான். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகையால் அம்மாவோ மனைவியோ மனுதாரராக இருந்தால் வக்கீல் செலவே இல்லாமல் வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் போகலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். கையெழுத்துப் போடும் முன் அங்கே ஒரு முறை காகிதத்தைக் காட்டிவிட வேண்டும். பணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்தால், ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். "முழு இழப்பீடாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அந்தக் காகிதத்தில் இருந்தால் அதை அடித்துவிட்டு, "இடைக்காலமாகப் பெற்றுக்கொண்ட தொகை, சட்டப்படி வரவேண்டிய மீதிக்கான உரிமை நீடிக்கிறது" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அவர்கள் கொடுக்க வந்தது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.